வரிசை விலகிய நட்சத்திரம்

அன்புத் தங்கச்சிக்கு,

நம் வரப்பை நீ என் வயல் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டதை நான் மறக்கவில்லை. பதினேழு வருடமாகப் பேசாததும் அதனால்தான். இது வேறு சேதி.

பேத்தி ஆஷ்லின் கம்ப்யூட்டரில் விண்வெளிக் கப்பல் ஓட்டி விளையாடுகிறாள். நேற்று அதில் ஏழு நட்சத்திரங்கள், கயிறு பிடித்து நட்ட நாற்றுப் போல ஒரே வரிசையில் நின்றன. அதில் ஒன்று மட்டும் விலகியிருந்தது.

"இப்படி நான் பாத்ததே இல்ல, அம்மாச்சி!"

"நான் பாத்திருக்கேன்டி. அது என் தங்கச்சி நட்டது."

நீ கோணலாக நட்டதற்கெல்லாம் அப்பாவிடம் நான்தானே திட்டு வாங்கினேன்?

அந்த விளையாட்டில் ஒரு நட்சத்திரத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் அதற்குப் பேர் வைக்கலாமாம். விலகி நின்றதற்கு உன் பேரைச் சொன்னேன். இனி அழிக்க முடியாதாம்.

குறுவை நடவுக்குக் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க வா. கோணினால் திட்டத்தான் செய்வேன்.

உன் அக்கா