அடியில் வைத்த கானாங்கெளுத்தி

கடலைவிட்டு ஒரு நாள்கூடத் தள்ளி இருக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்து, சொல்லாமல் புறப்பட்டுவிட்ட என் மச்சான் தேசிங்குக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே ஜவ்வாது மலையில் மாசி பிறந்துவிட்டது. காலையில் பனி, பத்து மணிக்கு மேல் வெயில், மரமெல்லாம் புளி. நீ போய் ஒரு வருஷம் முடியப்போகிறது. இத்தனை நாளும் உன்னிடம் பேச எனக்கு மூஞ்சி இல்லை. இப்போது பேசுகிறேன் என்றால் அதற்கு ஒரு மூட்டைதான் காரணம்.

போன செவ்வாய்க்கிழமை, போளூரிலிருந்து வரும் காலை பஸ்ஸில் அது வந்தது. "உன் பேருக்குத்தான்யா. மரக்காணத்துலேர்ந்து கைமாறி கைமாறி வந்துகீது" என்று டிரைவர் இறக்கிப் போட்டுவிட்டுப் போனார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாயைத் தைத்திருந்தது நம் வலைக்கயிறு, அந்தப் பச்சை நைலான். சாக்கு என்னுடையது. கடைசியாக உன் வீட்டுக்குப் புளி கட்டிக்கொண்டு வந்தேனே, அதே சாக்கு. மூலையில் என் வீட்டுக்காரி பச்சையம்மா சிவப்பு நூலால் போட்ட ஒட்டு அப்படியே இருந்தது.

எங்கள் மலையில் உறவு முறிந்துபோனால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கொடுத்த பொருளை, கொடுத்த சாக்கிலேயே கட்டி, கொடுத்தவன் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை தேவையில்லை. இதை உன்னிடம் ஒருநாள் படகில் சொல்லியிருக்கிறேன். நீ உன் வீட்டுக்காரி அஞ்சலையிடம் சொல்லியிருப்பாய், அவள் நினைவில் வைத்திருந்து புளியைத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மூட்டையைத் தொடாமல் ஆட்டுக்கொட்டகை ஓரமாகத் தள்ளிவைத்தேன். மூன்று நாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவள் அப்படிச் செய்திருந்தாலும் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், கேள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் புளி விற்க உங்கள் ஊருக்கு வந்தவன் நான். அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அன்றைக்கு உன் ஃபைபர் படகில் ஓர் ஆள் குறைந்தது. "மலை ஏர்றவனுக்கு அலை ஏர்றது இன்னாடா கஷ்டம், வா" என்று ஏற்றிக்கொண்டாய். கரை கண்ணைவிட்டு மறையவே இல்லை. அதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன். நீ சிரித்துக்கொண்டே, நான் விற்ற புளியிலேயே ஒரு உருண்டை பிய்த்து என் வாயில் போட்டாய். வாந்தி நின்றது. நான் உன் படகிலேயே நின்றுவிட்டேன்.

நீ இடக்கை. நான் வலக்கை. பக்கத்தில் பக்கத்தில் நின்று வலை இழுத்தால் முழங்கை இடிக்காது. "உன்ன எனக்குன்னே மலையில செஞ்சு அனுப்பிகீறான்யா" என்பாய். ஆடியில் சாமை விதைக்க ஒரு வாரம், மாசியில் புளி உலுக்க ஒரு மாசம், மற்றபடி என் பிழைப்பு கடலில்தான் என்று ஆகிவிட்டது.

அஞ்சலைக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. உன் மகள் கஸ்தூரிக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டுமே என்று ஊரே யோசித்தது. "ஏன், மலையான் கீறானே" என்று நீதான் என்னை உட்காரவைத்தாய். குழந்தை என் மடியில் கத்தின கத்தலில் நானும் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து அஞ்சலை எனக்குத் தங்கச்சி, நீ எனக்கு மச்சான். வாய்க்கு வந்த முறை இல்லை, சபையில் வைத்த முறை.

அப்படி முறை வைத்தவன் செய்தது என்ன? போன மாசியில், டவர் பிடிக்கும் ரோட்டு வளைவில் நான் நின்றபோது நீ போன் பண்ணினாய். "காத்து தெக்கால திரும்பிடுச்சு மச்சான். கானாங்கெளுத்தி கரையோரமா வருது. நெஞ்சு வேற கொஞ்சம் அடைக்கிற மாதிரி கீது, தனியா இழுக்க முடியல. எப்ப வர்ற?" நான் சொன்ன பதில் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "ரெண்டு மரம் பாக்கி மச்சான். உலுக்கிட்டு வந்துடறேன்."

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். படகை மணலில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம். நான் அப்போது காட்டோரத்துப் புளியமரத்தில் இருந்தேன். அங்கே டவர் கிடையாது. நான்கு நாள் கழித்துப் புளி மூட்டையோடு சந்தவாசலில் இறங்கினபோதுதான் என் போனுக்கு உயிர் வந்தது. வரிசையாக எல்லாம் அஞ்சலையின் எண்ணிலிருந்து வந்த அழைப்புகள், கடைசியாக நீ போன சேதி.

புருஷன் செத்த வீட்டில், பிணம் எடுக்கும் முன் பெண்ணுக்கு அவள் அண்ணன் தம்பி கோடிப்புடவை போர்த்தவேண்டும். உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என்னதான் ஆனாலும் உனக்குப் பிறந்த வீடு இருக்கிறது என்று ஊருக்குமுன் சொல்கிற புடவை அது. சந்தவாசலிலேயே ஒரு ஜவுளிக்கடையில் கருநீலத்தில் ஒன்று எடுத்தேன். பஸ்ஸுக்கு நின்றேன். ஐந்தாம் நாள் கோடி கொண்டுபோகிறவனை உலகத்தில் எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? அந்தப் பெண் முகத்தை எப்படிப் பார்ப்பது? பஸ் வந்தது, போனது. நான் எதிர்ப்பக்கம் வந்த மலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். பதினாறாம் நாளுக்கும் போகவில்லை. போனையும் எடுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி மச்சான், வேறென்ன சொல்ல?

இனி மூட்டைக்கு வருகிறேன். நான்காம் நாள் காலையில் பச்சையம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏன்யா, புளி நாறுமா?"

"இன்னா சொல்ற?"

"கொட்டகைப் பக்கம் போக முடியல. வூட்டுப் பூனை மூணு நாளா அந்த மூட்டமேலயே படுத்துக்கினு கீது. உன் மூக்குல இன்னா வெச்சிருக்க?"

பத்து வருஷம் கடல்கரையில் கிடந்த மூக்குக்குக் கருவாட்டு வாசனை தனியாகத் தெரிவதில்லை மச்சான். அதுதான் உண்மை. அவளே அரிவாளை வைத்து நைலான் கயிற்றை அறுத்தாள். உள்ளே புளி ஒரு கொட்டைகூட இல்லை. அடுக்கடுக்காகக் கருவாடு, நடுநடுவே பனையோலைத் தடுக்கு.

நம் படகின் சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும், போட்டவனே நீதானே. வலை தட்டினதும் முதலில் அவரவர் வீட்டுக் குழம்புக்கென்று கறிமீன் எடுத்துவைக்கவேண்டும். கடலுக்கு வந்தவனுக்கு மட்டுமல்ல, காய்ச்சலில் படுத்தவனுக்கும், ஊருக்குப் போனவனுக்கும். "வராதவனுக்கும் வயிறு கீதுல்ல" என்பாய். உனக்குப் பிறகு படகை ஓட்டுகிறவன் உன் தம்பி ஏழுமலை. அவனும் என் கறிமீனை எடுத்துவைத்திருக்கிறான். அதை அஞ்சலை உப்புப் போட்டுக் காயவைத்து, ஒரு வருஷமாகச் சேர்த்திருக்கிறாள்.

முற்றத்தில் பாய் விரித்து ஒவ்வொரு அடுக்காக எடுத்து வைத்தேன். மேலே காரப்பொடி மீன், போன மாசம் பிடித்தது, இன்னும் வெள்ளி மங்கவில்லை. அதன்கீழ் மார்கழி வாடையில் வரும் வாளை, பெல்ட்டுபோலச் சுருட்டி வைத்திருந்தது. அந்த வாடைக்காற்றில் விரல் விறைத்துப்போய், இரண்டு பேரும் ஒரே டீ டம்ளரை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, ஞாபகம் வந்தது.

அடுத்த தடுக்கில் ஒரு கைப்பிடி சென்னாக்குன்னி. அவ்வளவுதான். ஐப்பசி கார்த்திகை மழையில் முகத்துவாரம் உடைந்து கடல் கரையோரம் செம்மண்ணாய்க் கலங்கும்போது அந்தப் பொடி இறால் திரண்டு வரும். அதுவே ஒரு கைப்பிடிதான் என்றால், இந்த வருஷம் மழை அதிகம், புயல் அதிகம், படகு மணலிலேயே கிடந்திருக்கிறது. அந்த நாளெல்லாம் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அப்படிப்பட்ட மாதத்திலும் எனக்கு ஒரு கைப்பிடி எடுத்துவைத்திருக்கிறாள்.

புயல் என்றதும் இன்னொன்று. காவலூரில் வானம் பார்க்க வெள்ளைக் கூண்டு கட்டி வைத்திருக்கிறார்களே, அதைப்பற்றி நான் சொன்னபோது நீ கேட்டாயே: "அவ்ளோ பெரிய கண்ணாடி வெச்சிக்கினு நட்சத்திரத்தப் பாக்கறாங்களாமே, எங்க கடல்ல எப்ப காத்து மாறும்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பச்சையம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.

சென்னாக்குன்னிக்குக் கீழே ஆடி ஆவணி மத்தி. மேற்குக் காற்று கரையிலிருந்து அடித்து, அலை படுத்துப்போய், வெயில் காலத்திலும் தண்ணீர் சில்லென்று ஆகும் நாட்களின் மீன். அதற்கும் கீழே சித்திரை வைகாசி நெத்திலி. பெரிய படகுகளுக்குத் தடைக்காலம். நம்மைப்போலச் சின்னப் படகுகள் மட்டும் கரையை ஒட்டி வலை விடும். பகல் ஏறினால் தெற்குக் காற்று முரட்டுத்தனமாய் எழும்பும், சொறிமீன் வலையில் ஒட்டிக் கை எரியும். எரிகிற கைக்கு நீ ஈரமணலைப் பூசிவிட்டு, "உங்க மலையில இதுக்கு மருந்து கீதா?" என்று வம்புக்கு இழுப்பாய்.

நான் இல்லாமல் போன ஒரு வருஷக் கடல் முழுவதும் எங்கள் முற்றத்தில் கிடந்தது. பார்க்கப் பார்க்க அங்கே இருந்திருக்கவேண்டியவன் இங்கே இருக்கிறேனே என்று நெஞ்சு வலித்தது.

கடைசித் தடுக்குக்குக் கீழே, பழைய துணியில் சுற்றி, நான்கு கானாங்கெளுத்தி. கல்போல இறுகி, உப்பு பூத்து, பழுப்பேறி இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். முதுகைப் பிளந்து விரித்த மீன் அது. நானோ ஏழுமலையோ பிளந்தால் நடுமுள் ஒரு பாதியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதில் மறுபாதியில் இருந்தது. நான்கிலும் அப்படித்தான்.

இடக்கைக்காரன் பிளந்த மீன். உங்கள் தெருவிலேயே இடக்கைக்காரன் நீ ஒருவன்தான்.

அந்த மீனை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன் மச்சான். பச்சையம்மா பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். நான் இரண்டு மரம் பாக்கி என்று சொன்ன அந்த வாரத்து மீன். நெஞ்சு அடைத்த நிலையிலும் தனியாக இழுத்து, எனக்கென்று எடுத்துவைத்து, உன் கையாலேயே பிளந்து உப்புப் போட்டிருக்கிறாய். திட்டிக்கொண்டே போட்டாயா? மச்சான் வரட்டும் என்று போட்டாயா? அதை மட்டும் யாரிடம் கேட்பது?

வண்டியை எடுத்துக்கொண்டு காவலூர் ரோட்டு வளைவுக்குப் போனேன். அங்கேதான் டவர் பிடிக்கும். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"இன்னாண்ணா, மூட்ட வந்துச்சா?"

ஒரு வருஷம் பேசாதவனிடம் கேட்கிற குரலே இல்லை. நேற்றுப் போனவனிடம் கேட்பதுபோல இருந்தது. "வந்துச்சு தங்கச்சி. அடியில இருக்கிற கானாங்கெளுத்தி…" என்றேன்.

"தெரியும்ணா. அவரு பொளந்தது. 'மலையான் வந்தா குடு'ன்னு சொல்லிட்டுத்தான் வெயில்ல போட்டாரு. நீ வருவ வருவன்னு பாத்தேன். வரல. அதான் அனுப்பிட்டேன்."

எப்படியோ கேட்டுவிட்டேன். "அன்னிக்கு… கோடி யாரும்மா போட்டாங்க?"

அலைச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்: "யாரும் போடலண்ணா. ஊர்ல பொடவ எடுத்தாந்தாங்க. நான் வாங்கல. எனக்கு அண்ணன் கீறாரு, வருவாருன்னு சொன்னேன். திட்டுனாங்க. பரவால்லன்னுட்டேன். இன்னிக்கும் கேக்கறவங்களுக்கு அதையேதான் சொல்லிக்கினு கீறேன்."

ரோட்டோரத்தில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். என் கறிமீனை எடுத்துவைத்த மாதிரியே என் இடத்தையும் எடுத்துவைத்திருக்கிறாள். நான்தான் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் மூன்று நாளும், அவள் மனதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு வருஷமும் கிடந்திருக்கிறேன்.

இந்த வருஷமும் இரண்டு மரம் பாக்கி இருக்கிறது. கிடக்கட்டும். குரங்கு தின்னட்டும்.

மச்சான், இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. நாளைக் காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடந்த அந்தக் கருநீலப் புடவையை உன் வருஷத் திவசத்தன்று, சபைக்கு முன்னால், என் தங்கச்சிக்கு நான் போர்த்துவேன். இனி கஸ்தூரிக்கு நடக்கும் எந்த நல்லதுக்கும் தாய்மாமன் சீர்தான் முதலில் வந்து இறங்கும். மறுநாள் விடியலில் ஏழுமலையோடு படகில் ஏறுவேன். காற்று இந்நேரம் தெற்கே திரும்பியிருக்கும்.

உன் நான்கு மீனில் ஒன்றையும் நான் தின்னவில்லை. அதே சாக்கில், இந்த வருஷப் புளியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். அஞ்சலை குழம்பு வைப்பாள். உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, முதல் துண்டை உனக்குத்தான் வைப்போம். மீன் உன்னுடையது, புளி என்னுடையது. வயிறாரச் சாப்பிடு.

தாமதமாகவாவது வந்து சேரும்,
உன் மகளின் தாய்மாமன், உன் மச்சான்
மலையான் வெள்ளையன்