எனக்கு வந்த இடுப்பெலும்பு

நாரின், அக்டோபர் 9

அன்பு மகள் பெர்மெத்துக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம், இந்த வரியை இந்த முறை பொய் கலக்காமல் எழுதுகிறேன். ஒசாகாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். செவ்வாய்க்கிழமை பிஷ்கெக்கிலிருந்து தகவல் வந்தது, உன் தம்பி எல்தியாரின் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்த எலும்பில் உயிரோடிருந்த புற்றணுக்கள் ஏறக்குறைய இல்லவே இல்லையாம், மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறதாம். உள்ளே உலோகத் தண்டு வைத்திருக்கிறார்கள், கால் தப்பியது. இன்னும் சில சுற்று மருந்து பாக்கி, அடுத்த வாரம் நானே அழைத்துப் போகிறேன். அம்மா சமையலறையில் அழுதாள், நான் தொழுவத்துக்குப் போய் அழுதேன்.

முப்பது வருடம் கால்நடை டாக்டராக இருந்த திமிர் என்னை விடவில்லை மகளே. ஆடு ஈனும் காலத்தில் வெறுங்கையால் குட்டி இழுத்த எல்தியாருக்குக் காய்ச்சலும் எலும்பு வலியும் வந்தால் ஆட்டிடம் ஒட்டிய காய்ச்சல்தான் என்று ஆறு வாரம் நானே ஊசி போட்டேன். இந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், ஆனால் அவன் என் பிள்ளை. கிண்ணத்தில் புற்றணு மேய்க்கிறவள் என்று உன்னைக் கேலி செய்தவனும் நான்தான். நீ மட்டும் அன்று போனில், "கிருமி இல்லாமலும் காய்ச்சல் வரும்ப்பா, சில எலும்புக் கட்டி தானே சைட்டோகைன்னு ஒரு பொருளைச் சுரந்து உடம்பைச் சுட வைக்கும், பசியை அடிச்சிடும், அதைத்தான் நான் தினம் அளக்கறேன், நாளைக்கே படம் எடுங்க" என்று சண்டை போடாவிட்டால் நான் இன்னும் ஊசிதான் போட்டுக்கொண்டிருப்பேன். மருந்து இரண்டு சுற்று ஏறியதுமே காய்ச்சல் விட்டது, நீ சொன்னபடியே.

ஞாயிறன்று ஆடு அறுத்தோம். பங்கு வைக்கையில் மூத்தவன் என்று மரியாதைப் பங்கான இடுப்பெலும்பை என் முன் வைத்தார்கள், நான் அதை உன் பெயருக்கு வைக்கச் சொன்னேன். உன் சித்தப்பா சடிபால்தி, பொம்பளப் பிள்ளைக்கு எங்கேயாவது இடுப்பெலும்பு வைப்பார்களா என்று முறைத்தான். "பிள்ளைக்கு இல்லடா, என் தப்பைத் திருத்தின டாக்டருக்கு" என்றேன். தட்டு உன் இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எல்தியார் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, "அக்கா வர்றதுக்குள்ள ஆறிடும்" என்று தட்டை இழுத்துக்கொண்டான். ஏப்ரலிலிருந்து அரைக் கிண்ணம் சூப்பு இறங்காதவன், எலும்பில் ஒட்டுச் சதை விடாமல் தின்றான். எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கையேந்தி உனக்காக வேண்டி, அந்தக் கையை முகத்தில் தடவிக்கொண்டோம், நீண்ட ஆயுளோடு இரு. ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே.

இனி ஆட்டுக்கு மட்டும் ஊசி போடும் உன் அப்பா,
ஜொல்தோஷ்