அத்தையின் முறைக்கும் அம்மாவே நின்றாள்

கமுந்திங்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் தினேஸ்வரிக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லோரும் நலம், நீயும் நலமாக இரு என்று தொடங்கியிருக்க வேண்டும், ஆனால் பாதி நலத்தை முழு நலம் என்று எழுதுகிற ஆள் நானில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு ஒன்றுமில்லை. குளியலறைக் குழாயை மாற்றிவிட்டேன், சாந்தினி அத்தைக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, பக்கத்து வீட்டு நாய் இப்போது நம் வீட்டில்தான் சாப்பிடுகிறது. அம்மாவின் வலது கை மட்டும் நாங்கள் சொல்லிவந்த அளவுக்கு நலமில்லை. அதைப் போனில் சொல்வதற்கென்ன என்று கேட்பாய். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கரைப் போட்டு ஹால் நடுவில் வைத்து ஊரே கேட்கப் பேசுவதுதானே. இது அம்மா கேட்க வேண்டிய பேச்சில்லை, அதனால்தான் பார்சலுக்குள் காகிதம் வைக்கிறேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றது பொய்யில்லை. மணிக்கட்டில் எலும்பும் ஒரு பட்டையுமாகச் சேர்ந்த குறுகலான வாசல் ஒன்று இருக்கிறது, விரலை மடக்குகிற தசைநாண்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன, கட்டைவிரலுக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பும் அதே வாசலில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. ஓயாமல் கிள்ளி இழுக்கிற வேலையில் நாண்கள் வீங்கினால் நசுங்குவது நரம்புதான். டாக்டர் அந்தப் பட்டையை வெட்டி வாசலை அகலமாக்கிவிட்டார், இனி நசுங்காது. ஆனால் ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்ததால் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற மேட்டுத் தசை வற்றிப்போய்விட்டது, அந்த இடம் இப்போது குழியாக இருக்கிறது. திரும்ப வளருமா என்று கேட்டேன். டாக்டர் சுற்றி வளைத்தே பேசினார், எனக்குப் பொறுமையில்லை, ஆமாவா இல்லையா என்றேன், பெரும்பாலும் இல்லை என்றார். அம்மாவால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, மோட்டார் சைக்கிள் சாவியைத் திருப்ப முடியவில்லை. பொட்டை மட்டும் இடது கையால் வைக்க மாட்டேன் என்று பிடிவாதம். வலது கையால் வைக்கிறாள், கோணலாகத்தான் வருகிறது. தீபாவளிக்கு வரும்போது அதைப் பார்த்து எதுவும் சொல்லாதே.

இது எப்படி நடந்தது என்பதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. கையுறைத் தொழிற்சாலையில் அம்மா வேலை செய்த பழைய லைனில் பீங்கான் கை அச்சுகளிலிருந்து சூடான ரப்பர் கையுறைகளைக் கையாலேயே உரித்தெடுக்க வேண்டும். நாள் முழுக்க ஒருத்தியே உரித்தால் கை போய்விடும், அதனால் அதே கம்பெனியின் பாதுகாப்புக் கமிட்டியில் இருக்கிற நாங்கள் சுழற்சி முறை போட்டோம், உரிக்கிறவள் ஒரு மணி நேரம் கழித்து உட்கார்ந்து பெட்டியில் அடுக்க வேண்டும், அடுக்குகிறவள் எழுந்து உரிக்க வேண்டும். கணக்குப்படி சரியான முறை, மேசை உயரத்தைக்கூட முழங்கை அளவு பார்த்து மாற்றினோம். நாங்கள் யோசிக்காதது ஒன்றுதான். நம் தாமான் குடியிருப்பிலிருந்து கம்பெனி வேனில் போகிற பெண்கள் எல்லோரும் அதே லைனில்தான், அத்தனை பேரும் முன்பு ஒரே தோட்டத்து ஆட்கள், ஒருத்திக்கொருத்தி நாத்தனார், சின்னம்மா, சம்பந்தி. அம்மாவின் ஜோடி யாரென்றால் சாந்தினி அத்தை. புருஷனுடைய அக்கா நின்றுகொண்டு உரிக்க, தான் உட்கார்ந்துகொண்டு அடுக்குவதா? அம்மாவால் அது முடியவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம், நீங்க உக்காருங்கக்கா, எனக்கு இது பழக்கந்தான்லா என்று சொல்லி அத்தையின் முறைக்கும் தானே நின்றிருக்கிறாள். சுவரில் ஒட்டிய அட்டவணையில் மட்டும் எல்லாம் சுழன்றுகொண்டிருந்தது. கை மரத்தபோதும் டாக்டரிடம் எம்சி வாங்கி லீவு எடுக்கவில்லை, எடுத்தால் தன் பங்கு அக்கா தலையில் விழுமே என்று. கொஞ்சம் தாஹான் பண்ணா, பொறுத்துக்கிட்டா சரியாப் போயிடும் என்று மற்ற பெண்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், அவர்களும் வாயைத் திறக்கவில்லை, குடும்ப விஷயமாம். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை மகளே. தப்பு செய்த ஒருவரைக் காட்டு என்றால் என்னால் காட்ட முடியாது, எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், கைதான் போய்விட்டது.

சரி, உன் கதைக்கு வருகிறேன். போன வாரம் நீ பேசி வைத்த பிறகு அத்தை வழக்கம்போல அம்மாவுக்குத் தலைவார வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் சாயங்காலம் வருகிறாள், வேலையை விட்டுவிட்டாள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆய்வகத்தில் உன்னோடு வேலை செய்கிற நிரோஷா அக்கா மாசமாக இருக்கிறாளாம், அவளுடைய பரிசோதனை மாதிரிகளையும் நீயே செய்துவிடுகிறாயாம், கட்டைவிரல் லேசாக வலிக்கிறதாம், யாரிடமும் சொல்லவில்லையாம். அதோடு விட்டாளா, எம்பொண்ணு அப்படியே என்னைப் போலத்தான்லா அக்கா என்றாள். அத்தையின் கையில் சீப்பு அப்படியே நின்றுவிட்டது. அம்மாவுக்குத் தெரியாது, முதுகுப் பக்கம்தானே. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே அத்தை சொன்னாள், தம்பி, அந்தப் புள்ளைக்கு எழுதுடா, அவ அம்மா உக்காருங்கக்கான்னு சொல்லச் சொல்ல நானும் உக்காந்துட்டேன்டா, ஒரு வாட்டியாவது எந்திரிச்சிருக்கணும். மறுநாள் தைப்பிங் டவுன் கடையில், பார்சலில் இருக்கிற இந்தக் கட்டைவிரல் பட்டையைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான், உன் கை சின்னது என்று சின்ன அளவாகப் பார்த்து எடுத்தாள்.

நீ டிப்ளமா படித்தவள், குளிரூட்டிய அறையில் வேலை செய்கிறாய், அம்மா செய்தது தொழிற்சாலை வேலை என்று நினைக்கலாம். உன் கட்டைவிரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பிப்பெட்டை நாளெல்லாம் கட்டைவிரலால் அழுத்துவதும் அழுத்துவதுதான், இரண்டு ஆள் வேலையைச் செய்தால் இரண்டு மடங்கு. இப்போதே சோதித்துப் பார், கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய். சுரீர் என்று இழுத்தால் திங்கட்கிழமையே கிளினிக் போ. பட்டை போட்டால் வலி குறையும், அது குறைந்ததும் பழையபடி இரண்டு பேர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, அதற்காக அனுப்பவில்லை. நிரோஷாவுக்கு உதவாதே என்று நான் சொல்லவில்லை, மாசமாக இருக்கிறவளுக்கு உதவத்தான் வேண்டும். ஆனால் மேலதிகாரியிடம் போய், இவருக்கு வேலையைக் குறைக்க வேண்டும், அதற்கு ஆள் போடுங்கள் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். நீ சத்தமில்லாமல் செய்துகொண்டே இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் அவர்கள் எழுதி வைப்பார்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் என்மேல் பழியைப் போடு, எங்கப்பா ஒரு தொல்லை பிடிச்ச மனுஷன், போன் போட்டு மானத்தை வாங்கிடுவாரு என்று சொல். பொய்யில்லை, செய்வேன். நிரோஷாவிடமும் உன் கை வலியைச் சொல்லிவிடு. எழுந்து நிற்க அவளுக்கும் ஒரு வாய்ப்புக் கொடு. அத்தைக்கு அது கிடைக்கவில்லை.

உன்னை விட எனக்கு இருபது வயதுதான் கூட, கடைத்தெருவில் இன்னும் உன் அண்ணன் என்றுதான் நினைக்கிறார்கள், அதனால் பெரிய மனிதர் மாதிரி ஆசீர்வாதம் எழுத எனக்கு வராது. நன்றாக இரு, வலியில்லாமல் இரு, அது போதும். பார்சலில் அம்மா கொடுத்த ஓமப்பொடி இருக்கிறது, ஆய்வகத்தில் எல்லோருக்கும் கொடு. கிளினிக் போய்விட்டு வந்து எனக்கு மட்டும் மெசேஜ் போடு, ஸ்பீக்கர் வேண்டாம்.

இன்னொன்று. நான் காகிதத்தை எடுத்ததும், தீபாவளித் துணி விஷயமாக எழுதுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள், பெயரை நான்தான் எழுதுவேன் என்று பேனாவை வாங்கினாள். இடது கையால் எழுது என்றேன், பெத்த புள்ள பேர எடது கையாலயா எழுதுவாங்க என்று திட்டினாள். மேலே இருக்கிற உன் பெயரைத் திரும்பப் பார். முதல் இரண்டு எழுத்து அம்மாவுடையது. அதற்குள் பேனா நழுவிவிட்டது, மீதியை நான் எழுதினேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பவித்ரன்