இடிக்கப் போகிற வீட்டுக்குப் பச்சை டைல்ஸ்

ஜூன் 9, திங்கள்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஏதாவது நடந்திருக்கும். எனக்கு நடந்தது இவ்வளவுதான்: டைல்ஸ் கலர் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா சாவதற்கு முன் கட்டிய இரண்டு வீடுகளுக்குத்தான். வலது பக்கம் மூத்த அண்ணன் நஸ்மிக்கு, இடது பக்கம் சின்ன அண்ணன் அர்சிமுக்கு. இரண்டு பேரும் சுவிட்சர்லாந்தில். ஆகஸ்டில் மூன்று வாரம் வருவார்கள். மற்ற நாட்களில் சன்னலைத் திறந்து காற்றுவிடுவது நான். கொசோவோவில் எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி வீடுகள் ஒன்று மற்றதைக் கண்ணாடியில் பார்த்தது போல இருக்க வேண்டும். ஒரு வீட்டுப் படி ஒரு விரல் உயர்ந்தாலும் அண்ணிகளுக்குள் பேச்சு நின்றுவிடும். அப்பா அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டேதான் கட்டினார்.

நடுவில் பழைய வீடு. அதில் அம்மாவும் நானும்.

நஸ்மி போனில் சொன்னான்: “ரெண்டு சமையலறைக்கும் தரையை மாத்தணும், லுமே. நீதான படிச்சவ, நீயே கலரைப் பாத்து எடு. ஆனா ரெண்டும் ஒண்ணா இருக்கணும், சொல்லிட்டேன்.”

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நான்கு வருடம் உயிரியல் படித்தது இதற்குத்தான் போல.

ஜூன் 11

ஜாகோவா நகரத்தில் டைல்ஸ் கடை. அரை மணி நேரம் எதையும் கேட்காமல் சுற்றினேன். கடைக்காரரே வந்தார்.

“உன் வீட்டுக்காம்மா?”

“அண்ணனுங்க வீட்டுக்கு.”

“அப்ப உனக்கென்ன கவலை? பளபளன்னு ஒண்ணை எடுத்துட்டுப் போ.”

கீழ் அடுக்கில் ஒரு பச்சை இருந்தது. மழைக்குப் பின் வால்நட் இலை இருக்குமே, அந்தப் பச்சை. தொட்டுப் பார்த்தேன். “அது வேண்டாம், மூணு வருஷமா யாரும் சீண்டல” என்றார். கையை எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன்?

ஜூன் 14

மூத்த அண்ணிக்குக் கிரீம் கலர் வேண்டும். சின்ன அண்ணிக்குச் சாம்பல். காலையிலிருந்து இரண்டு பேரும் மாற்றி மாற்றி எனக்குப் படம் அனுப்புகிறார்கள், ஒருவருக்கொருவர் அனுப்புவதில்லை.

“சாம்பல் போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னு அவகிட்ட சொல்லு.”

“கிரீம் போட்டா எண்பது வயசுக் கிழவி வீடு மாதிரி இருக்கும்னு அவங்ககிட்ட சொல்லு.”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன்.

ஜூன் 17

ஒரு காரியம் செய்தேன். கடையிலிருந்து ஒரே ஒரு மாதிரி டைல் வாங்கி வந்தேன், இரண்டுக்கும் நடுவான ஒரு நிறம். நேற்று மாலை வெயிலில் முற்றத்தில் வைத்துப் படம் எடுத்து மூத்த அண்ணிக்கு அனுப்பினேன். அதே டைலை இன்று காலை வீட்டின் வடக்குப் பக்கம், நிழலில் வைத்து எடுத்து சின்ன அண்ணிக்கு.

“பாத்தியா, கடைசியில கிரீம்தான்” என்றார் ஒருவர். “சாம்பல் எப்பவும் சாம்பல்தான், நன்றிடி” என்றார் மற்றவர்.

இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள். வகுப்பில் முப்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறேன், இரண்டு அண்ணிகளா பெரிது? வெகு நாளைக்குப் பிறகு தனியாகச் சிரித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

நஸ்மி வீடியோவில் வந்தான். டைல்ஸுக்கு நன்றி சொன்னான். பிறகு, ஏதோ மறந்துபோனது நினைவு வந்தது போல:

“ஆகஸ்ட் கடைசியில பழைய வீட்டை இடிச்சிடலாம். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல கார் நிறுத்த இடம் வேணும். இயந்திரக்காரன்கிட்ட பேசியாச்சு.”

“அம்மா?”

“ஒரு மாசம் என் வீடு, ஒரு மாசம் தம்பி வீடு. நீ கல்யாணம் ஆகுற வரைக்கும் எந்த வீட்டுல வேணா இரு. அப்புறம், வந்ததும் ஒரு நாள் நோட்டரிகிட்ட போகணும். அப்பா சொத்துல உங்க ரெண்டு பேர் பங்கையும் விட்டுக் குடுத்து ஒரு கையெழுத்து. அஞ்சு நிமிஷ வேலை.”

“சரிண்ணா” என்றேன்.

ஜூன் 23

சரிண்ணா. சரிண்ணா. சரிண்ணா. இந்தச் சொல்லை என் வாயில் யார் தைத்து வைத்தார்கள்?

ஜூன் 29

மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விடும்போது அம்மாவிடம் கேட்டேன்: உன் அப்பா சொத்தில் பங்கை விட்டுக்கொடுத்து நீ கையெழுத்துப் போட்டபோது என்ன நினைத்தாய்?

“என்னத்த நெனைக்கறது? நாங்க மூணு அக்கா தங்கச்சியும் ஒரே பேனாவுல போட்டோம். போட்டதாலதான் பைரம் பெருநாளுக்கு எங்கண்ணன் சர்க்கரையும் துணியும் தூக்கிட்டு வர்றாரு. பங்கு கேட்ட பொம்பளைக்கு ஒரு வாய் காப்பி குடிக்க அண்ணன் வீடு இருக்காது, லுமே. பக்கத்து ஊர்ல ஒருத்தி கேட்டா. அவ மகன் கல்யாணத்துக்கு மாமன்னு ஒருத்தன் வரல.”

மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் சொல்கிறது. இங்கே எல்லோருக்கும் தெரியும். சட்டம் தலைநகர் பிரிஷ்டினாவில் இருக்கிறது. காப்பி இங்கே கொதிக்கிறது.

அண்ணன்கள் மோசமானவர்களா? இல்லை. என் படிப்புக்கு நஸ்மி நான்கு வருடம் பணம் அனுப்பினான். பனியில் கட்டட வேலை செய்து அனுப்பினான். நன்றி இருக்கிறது. ஆனால் நன்றி உள்ளவள் ஒரு சுவர்கூடக் கேட்கக் கூடாதா?

ஜூலை 5, சனி

அந்தப் பச்சையை வாங்கிவிட்டேன். என் சம்பளத்தில். பழைய வீட்டுச் சமையலறைத் தரைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும், உடைந்தால் மாற்ற இரண்டு பெட்டி கூடவும்.

“அண்ணனுங்க சம்மதிச்சாங்களா?” என்றார் கடைக்காரர்.

“அவங்க வீட்டுக்கு இல்ல.”

“பின்ன யாருக்கு?”

“எனக்கு.” காது சுட்டது. ஆனால் சொன்னேன்.

ஜூலை 8

அண்ணன்கள் வீட்டு வேலை முடிந்ததும் டைல்ஸ் போடுகிற ஷபானை இங்கே கூட்டிவந்தேன். பெட்டிகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இந்த வீட்டைத்தான் இடிக்கப் போறதா ஊரே பேசுது. இடிக்கப் போற வீட்டுக்கு யாராவது டைல்ஸ் போடுவாங்களா?”

“நான் போடறேன்.”

“தங்கச்சி, நாளைக்கு நஸ்மி என்னைக் கேட்டா?”

“லுமே சொன்னான்னு சொல்லுங்க.”

தலையைச் சொறிந்துகொண்டு பழைய சிமெண்டைப் பெயர்க்க ஆரம்பித்தார். அம்மா வாசலிலேயே நின்றாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, அடுப்பு நிற்கிற மூலையைக் காலால் காட்டினாள்.

“இங்க மட்டும் மஞ்சள் போடச் சொல்லு.”

“மஞ்சளா?”

“எனக்கு மஞ்சள் பிடிக்கும்.”

இருபத்தாறு வருடமாக அவள் மகளாக இருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு நிறம் பிடிக்கும் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

ஜூலை 9

மஞ்சள் வாங்கி வந்தேன். பச்சைக்குப் பக்கத்தில் அது பொருந்தவே இல்லை. அப்படியே போடச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3

வந்துவிட்டார்கள். அண்ணிகள் அவரவர் தரையைப் பார்த்து அவரவர் நிறத்தைப் புகழ்ந்தார்கள். நஸ்மி பழைய சமையலறை வாசலில் நின்று பார்த்தான். முகம் சிவந்தது.

“காசு கொழுத்துப் போச்சா உனக்கு? மூணு வாரத்துல மண்ணாகப் போற தரைக்கு?”

இந்தத் தடவை “சரிண்ணா” என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நோட்டரி அலுவலகத்தில் அம்மா, இரண்டு அண்ணன்கள், நான். நோட்டரியாக இருந்த பெண் காகிதத்தை வேகமாகப் படித்தார். “உங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் விட்டுக்கொடுக்கிறீர்கள், அப்படித்தானே?” பேனா ஏற்கெனவே என் பக்கம் நகர்ந்திருந்தது.

“இல்லை” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை வராந்தாவில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

நஸ்மி அம்மாவைப் பார்த்தான். அம்மா சொன்னாள்: “நான் கண்ணாடி கொண்டு வரல. படிக்காம எப்படிப் போடறது?” கண்ணாடி அவள் கழுத்தில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு பேரும் பார்த்தோம்.

காரில் நஸ்மி ஒரே ஒரு தடவை வாய் திறந்தான். “ஊர் என்ன சொல்லும்னு யோசிச்சியா?”

“யோசிச்சேன்.”

வீட்டுக்கு வந்ததும் பழைய சமையலறையில் உட்கார்ந்தோம். அர்சிம்தான் முதலில் கேட்டான்: “எங்க வீடுகளையும் கேக்கப் போறியா?”

“இல்ல.”

“பின்ன என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லேன்” என்றான் நஸ்மி.

சொன்னேன். இங்கே எழுத இன்னும் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 15

நஸ்மி என்னிடம் பேசுவதில்லை. மூத்த அண்ணி முற்றத்தில் என்னைத் தாண்டிப் போகும்போது போனைப் பார்க்கிறார். பார்க்கட்டும். பச்சைத் தரையை இரண்டு தடவை துடைத்தேன்.

ஆகஸ்ட் 22

நாளை கிளம்புகிறார்கள். இன்று காலை அர்சிம் இயந்திரக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றான், நான் கேட்கும்படி, முற்றத்தில் நின்று. மதியம் நஸ்மி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னான்: “அக்டோபர்ல நாலு நாள் லீவு இருக்கு. நோட்டரிகிட்ட தேதி வாங்கி வைக்கச் சொல்லு. வேற காகிதம் எழுதணும்.” காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு நான் சொன்னதை இப்போது எழுதிவிடலாம்.

“இந்த வீட்டை இடிக்காதீங்கண்ணா. என் பேருல எழுதிக் குடுங்க. எழுதிக் குடுத்த பிறகும் எனக்கு அண்ணனாவே இருங்க.”