பர்வேஸ் பேருக்கு நேர்ச்சை

உம்மாவுக்கு சலாம். அன்று போனில் நான் சொல்லாதது: எங்கள் விடுதிக்கு மேலேயும் ஏவுகணை பறந்தது. ஜன்னல் கண்ணாடி மட்டும்தான் உடைந்தது.

இங்கே நடக்கும் போரால் ஊரில் சிலிண்டர் வராமல் விறகில் சமைக்கிறீர்களாமே, கண் எரிகிறதா?

"தம்பி இருக்குற பக்கம் குண்டு விழுதாமே! பர்வேஸ் பேருக்கு ஏர்வாடி தர்ஹாவுல நேர்ச்சை வச்சிருக்கேன்" என்றீர்கள்.

"என் பேருக்கு?"

"நீ நர்ஸு, ஆஸ்பத்திரியிலயே இருக்க. உனக்கென்ன புள்ள!"

எனக்குப் பொறாமைதான், உம்மா. நோயாளிகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்கும்போதுகூட அந்த நேர்ச்சையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாராவது இங்கே திரும்பினால் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். பொட்டலத்தில் என் பெயரை எழுதுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. தம்பிக்கு ஊருக்கு வர விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது. இதை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். என் பெருநாள் விடுப்பை ரத்து செய்துவிட்டார்கள்.

சுஹா