சலோமியாவுக்கு ராஜா வந்துவிட்டான்

என் கோபத்தையெல்லாம் சிரித்தே ஆற்றிவிடும் என் எஸ்தர் அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் வருமா என்று தெரியவில்லை. அதனால்தான் இதை அச்சிலேயே போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உன் கதைகளை மாதாமாதம் கடையில் வாங்கிப் படித்தவர்களும் கூடவே படிக்கட்டும். நீ போனதற்கு அழவேண்டியதை எல்லாம் அழுது முடித்தாயிற்று. இப்போது எனக்கு மிச்சமிருப்பது ஆத்திரம் மட்டும்தான்.

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் சலோமியாவுக்கு ராஜா வந்துவிட்டான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அக்கா. கிரீடம், அரண்மனை, காணாமல் போன குட்டி இளவரசி, எல்லாம் வந்தாயிற்று. உனக்கு வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் நாட்டைப் பிடித்துவிட்டார்கள்.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ பகலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டீச்சர். சாயங்காலம் கணபதி ஏரியாவில் என் எஸ்.டி.டி. பூத்துக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, 'நீலா' என்ற பேரில் மாத நாவல் எழுதுகிறவள். முதல் கதையில் கிணத்துக்கடவுப் பக்கத்துத் தோட்டக் கூலி வீட்டுப் பெண் ஒருத்தி போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆகிறாள். படித்துவிட்டுப் பதிப்பாளர் என் பூத்துக்குத்தான் போன் போட்டார். போனை எடுத்துக் கொடுத்தவள் நான். அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"கதை ஜம்முன்னு இருக்குதுங்க. ஆனா அந்தப் புள்ள எந்த ஆளுங்கன்னு படிக்கறவிய கேப்பாங்க. ஊர் பேரை வேற போட்டுட்டீங்க. நமக்கெதுக்குங்க அம்மணி வம்பு?"

நான் போனைப் பிடுங்கித் திட்டியிருப்பேன். நீ, "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிட்டாய். பிறகு சிரித்தாய். "ஊருன்னு ஒண்ணு இருந்தாத்தானே ரூத்து கேப்பாங்க?" என்றாய். பள்ளிக்கூடத்து அட்லாஸைப் பிரித்து, மாலத்தீவுக்குக் கீழே, வெறும் நீலமாக இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாய். கடல்தானே, எவனுக்கும் பட்டா இல்லை என்றாய். அந்தப் புள்ளிக்கு நம் அம்மாவின் பேரை வைத்தாய். சலோமியின் நாடு, சலோமியா.

நம் அம்மா ஆயுசு முழுக்கக் கொப்பரைக் களத்தில் குனிந்து கிடந்தவள். தேங்காய் உடைத்து, காயவைத்து, மழை வந்தால் ஓடி ஓடி மூடி. வாசலில் வந்து நிற்கிற பிச்சைக்காரனைக்கூட 'வாங்க' என்று சொல்கிற ஊர் என்று நம் ஊருக்குப் பேர். அந்த 'ங்க' ஒருநாளும் அம்மாவுக்குக் கிடைத்ததில்லை. தோட்டத்து வீட்டில் பால் குடி மறந்த குழந்தைகூட அவளை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடும். சலோமி என்ற பேரை அங்கே ஒருத்தர் வாயும் சொன்னதில்லை.

அதனால்தான் உன் நாட்டில் எல்லோருக்கும் 'ங்க' போட்டாய். திருடனுக்குக்கூட. உன் இன்ஸ்பெக்டர் ரெபேக்கா, "ஏனுங்க, கையக் கொஞ்சம் நீட்டுங்க, வெலங்கு மாட்டோணும்" என்று சொல்லுகிற இடத்தில் நான் பூத்தில் உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்து, உள்ளே போன் பேசிக்கொண்டிருந்தவர் கதவைத் திறந்து முறைத்தார். அந்த நாட்டில் ஒரே ஒரு சட்டம். யாரும் யாரையும் 'நீங்க ஆரு ஊடுங்க? எந்தப் பக்கம்ங்க? குலசாமி எதுங்க?' என்று கேட்கக்கூடாது. கேட்டால் ஜெயில். துறைமுகத்தில் இறங்குகிறவர்களிடம் அதிகாரி கேட்பது இவ்வளவுதான்: "சாப்ட்டீங்களா? நீச்சல் தெரியுங்களா?"

அந்த மில் தொழிலாளியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சலோமியாவுக்கு ஐ.எஸ்.டி. கோடு நம்பர் என்னங்க என்று கேட்டுக்கொண்டு பூத்துக்கு வந்தாரே. தம்பிக்கு அங்கே வேலைக்கு விசா கிடைக்குமா என்று விசாரிக்கணுமாம். நான் திருதிருவென்று விழித்தேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, "கெடைக்கும்ங்க, தம்பிய மொதல்ல நீச்சல் கத்துக்கச் சொல்லுங்க" என்றாய். அந்த மனுஷன் நம்பித் தலையாட்டிவிட்டுப் போனார். இல்லாத நாட்டுக்கு ஒருத்தர் போகத் தயாராக இருந்தார் என்றால், இருக்கிற நாடு அவரை என்ன பாடு படுத்தியிருக்கும்?

உன் மேலும் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரியில் சேரவேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீ, "இந்த மாசத்து நாவல குடுத்துப்போட்டு வாரனுங்க" என்றாய். என்ன பெரிய நாவல்? ரெபேக்கா ஒரு மாதம் கழித்துத் திருடனைப் பிடித்தால் சலோமியா முழுகிப் போயிருக்குமா? நாவலைக் கொடுத்துப்போட்டுத்தான் போனாய். திரும்பி வரவில்லை. யாரைக் கேட்டு அக்கா இப்படிச் செய்தாய்?

உன்னைக் கிடத்தியிருந்த அன்றைக்கு ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஒரு அம்மா கார் வைத்துக்கொண்டு வந்தார். கையில் பெரிய ரோஜா மாலை. உன் கதை ஒன்றுவிடாமல் படித்தவராம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நம் சந்துக்குள் வந்து, சுவரில் சிலுவையைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, மெதுவாக என்னிடம் கேட்டார்: "ஒரிஜினலா உங்களுக்கு எந்த ஊருங்க? அங்க ஆரு ஊட்டுப் பக்கம்ங்க?" உன்னைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கேட்டார் அக்கா. நான் சொன்னேன். மாலையை உன் காலடியில் வைக்காமல் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு கதை படித்தும் அந்த ஒரு சட்டம் அவருக்கு மண்டையில் ஏறவில்லை.

இப்போது ராஜா விஷயத்துக்கு வருகிறேன். உன் பேர் நன்றாக ஓடுகிறது, நிறுத்தவேண்டாம் என்று பதிப்பாளர் வேறு ஒருத்தரை உட்கார வைத்து எழுத வைத்திருக்கிறார். அட்டையில் 'நீலா' என்றுதான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குவதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நீதான் எங்கோ உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டாய் என்று நெஞ்சு துள்ளியது. வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். அப்பாவுக்குத் தன் கையெழுத்தைத் தவிர எழுத்து தெரியாதே, உன் கதை எல்லாம் நான்தானே வாசித்துக் காட்டுவேன். அப்படியே இதையும் உரக்க வாசித்தேன்.

பாதியில் வந்தது அந்த இடம். ரெபேக்காவின் தோளில் ஒரு மச்சம். அதைப் பார்த்து ஒரு கிழட்டு மந்திரி, "மகாராணியார் பெற்ற செல்வமே!" என்று காலில் விழுகிறான். ரெபேக்கா சாதாரணப் பெண் இல்லையாம். அரச ரத்தமாம். அதனால்தான் அவ்வளவு புத்தியாம், அவ்வளவு தைரியமாம். நான் புத்தகத்தைச் சுவரில் அடித்தேன்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? சந்தோஷப்பட்டார் அக்கா! அதுதான் என்னைக் கொன்றது. முகமெல்லாம் மலர்ந்து, "அட, அந்தப் புள்ள ராஜா வம்சமா? இருந்துட்டுப் போகட்டுமே கண்ணு. நாமளும் ஒருக்கா ஆண்டுபோட்டுப் போறோம்" என்றார்.

ஆயுசெல்லாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற மனுஷனிடம், உனக்கு ராஜா பட்டம் வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்லுவேன்? அப்பாவோடு பேசாமல் கொஞ்ச நாள் திரிந்தேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு பூத்துக்குப் போய்விடுவேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோயில் முடிந்து வந்ததும், பதிப்பாளரே வீட்டுக்கு வந்தார். உன் பழைய நாவல்களை எல்லாம் மறுபடி அச்சடிக்கப் போகிறாராம். 'சின்னச் சின்னத் திருத்தம்' செய்யவேண்டுமாம். அதாவது முதல் கதையிலிருந்தே ரெபேக்காவுக்கு மச்சம் வைத்து, அரண்மனை கட்டி, புதுசோடு பொருந்த வைக்கவேண்டும். அதற்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும். நீ கல்யாணம் கட்டாதவள், உன் வாரிசு அப்பாதான்.

"பழசுல கை வெக்காதீங்க" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி" என்றார். வெண்ணெய் மாதிரிப் பேச்சு. "படிக்கறவியளுக்கு ஒரு காரணம் வேணுமில்லீங்க? கொப்பரை காயப்போடறவ பொண்ணு எப்பிடிங்க மந்திரியவே எதுத்துப் பேசுவா? ரத்தத்துல ஏதாச்சும் இருக்கோணுமில்லீங்க? அதைத்தான் இப்ப வெளக்கிச் சொல்றோம்."

"ராஜா ஊட்டுல பொறந்த கோழைக்கு ஆராச்சும் இப்பிடி வெளக்கம் கேட்டீங்களாங்க?" என்றேன். என் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அப்பா என்னைக் கையமர்த்தினார். பேனாவை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை பதிப்பாளர் விரல் வைத்துக் காட்டினார். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. அப்போது அப்பா பேனாவைக் காகிதத்தில் வைத்தபடியே நிமிர்ந்து கேட்டார்.

"ஏனுங்க, அப்ப அந்தப் புள்ள ராணி வயித்துல பொறந்ததுங்களா?"

"ஆமாங்கய்யா."

"களத்துல கொப்பரை காயப்போடுதே ஒரு அம்மா, அது ஆருங்க?"

"அவங்க எடுத்து வளத்தவங்க. அரமனை வேலைக்காரி. கொழந்தையக் காப்பாத்தித் தூக்கிட்டு வந்தவங்க. ரொம்ப நல்லவங்களாத்தான் காட்டியிருக்கோம்ங்க. விசுவாசமானவங்க."

அப்பா காகிதத்திலிருந்து கையை எடுத்தார். பேனாவை மூடினார். நம் அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், தரையைப் பார்த்துத்தான் பேசுவார். அன்றைக்கு அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எஸ்தர் பொறக்கறன்னிக்குக் களத்துலதானுங்க இவுங்க அம்மாவுக்கு வலி எடுத்துது. மானம் இருட்டி மழை வரப் பாத்துது. கொப்பரைய மூடிப்போட்டுத்தான் போகோணும்னு தோட்டத்துக்காரங்க சொல்லிப்போட்டாங்க. அத்தனையும் மூடிப்போட்டு, நடந்து எங்க ஓலைச் சாளைக்கு வந்துதான் பெத்தா. கதையில இருக்கறது என்ற பொண்டாட்டி சலோமிங்க. இந்தப் புள்ள அவ பெத்த புள்ளைங்க. ராஜாவுக்கெல்லாம் குடுக்க முடியாதுங்க."

எழுந்து நின்றார். "போயிட்டு வாங்க" என்றார். ஒரு பெரிய மனுஷரை அப்பா தன் வீட்டிலிருந்து அனுப்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் போனபிறகு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர், "அந்த ராஜா விசயம் நல்லாத்தான் கண்ணு இருந்துச்சு. ஆனா அதுக்கு உங்கம்மாவ அக்கட்டால தள்ளோணும்னு எனக்குத் தெரியாதுல்ல" என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. பழைய கதைகள் தப்பின, அவ்வளவுதான். வாசலில் செருப்பு மாட்டும்போதே பதிப்பாளர் சொல்லிவிட்டார்: "சலோமியா கற்பனை நாடுதானுங்களே. அதுல ஆரு வேணும்னாலும் எழுதலாம்ங்க." அடுத்த மாதமும் ராஜா வருவான். முடிசூட்டு விழாவாம், அட்டையில் போட்டிருக்கிறார்கள். வக்கீல் ஒருத்தரைக் கேட்டேன். இல்லாத நாட்டுக்கு எல்லைத் தகராறு போட எந்தக் கோர்ட்டும் இல்லை என்று சிரித்தார். அவர் மேலும் எரிச்சல் வந்தது.

ஆனால் அக்கா, இப்போது யோசிக்க யோசிக்க எனக்கு வேறு ஒரு கோபம் வருகிறது. ஏன் அவ்வளவு தூரம் போனாய்? நம் அம்மாவை ஒருத்தர் மரியாதையாகக் கூப்பிடுவதற்கு மாலத்தீவையும் தாண்டி, நடுக்கடலில் ஒரு நாட்டையே கட்ட வேண்டியிருந்ததா? பதிப்பாளர் ஒரு போன் போட்டதும் நீ ஏன் ஊரைவிட்டுக் கிளம்பினாய்? போகவேண்டியவர்கள், 'எந்த ஆளுங்க' என்று கேட்கிற அவர்கள் இல்லையா?

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். எனக்கு உன்னைப் போல எழுத வராது. ஒரு பக்கத்துக்குள் யாரையாவது திட்டிவிடுவேன். இருந்தாலும் எழுதப்போகிறேன். அரண்மனைக்கு நான் போகப்போவதில்லை, அந்த முடியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். என் கதையில் ரெபேக்கா பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து, கிணத்துக்கடவில், பட்டப்பகலில், யூனிஃபார்மோடு இறங்குகிறாள். அவள் அம்மாவுக்கு நீ எந்தக் கதையிலும் பேர் வைக்கவில்லை. நாட்டுக்கே வைத்தாயிற்று, போதும் என்று விட்டிருப்பாய். நான் வைக்கிறேன். டீக்கடையில் நாலு பேர் மரியாதையாக எழுந்து, "அம்மிணி ஆரு ஊட்டுப் புள்ளைங்க?" என்று கேட்பார்கள். "சலோமி பெத்த புள்ளைங்க" என்று அவள் சொல்லுவாள். அவர்கள் மேலே ஏதாவது கேட்க வாயெடுப்பார்கள். அவள் அங்கேயே நிற்பாள், நகரமாட்டாள். இது சத்தியம் அக்கா. இனி நாம் யாருக்காகவும் கடலுக்குப் போகமாட்டோம்.

உன் முதுகுக்குப் பின்னால் பிறந்த உன் தங்கச்சி,
ரூத்