கான்கிரீட் போட்டுவிட்டோம், அண்ணி

என் அஞ்சலை அண்ணிக்கு,

நம் தெருத் தண்ணீர் மோட்டார் வெயிலில் ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீங்கள் போன பிறகு வந்த கோடையில் ஓட ஆரம்பித்தது. நடுவில் தெருவையே இரண்டாகப் பிரித்துச் சண்டை போட வைத்தது. போன வாரம்தான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது.

தொடக்கம் உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிலக்கரிச் சுரங்கம் நெருங்கி வர வர நம் கைப்பம்பில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. ஆழமாக போர் போட்டோம். மோட்டாருக்கு மின் இணைப்புக் கேட்டபோது, சுரங்கத்துக்கு எடுக்கப்போகிற நிலம் என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அனல்மின் நிலையத்துப் பெரிய கம்பிகள் நம் தெருவுக்கு மேலேதான் போகின்றன. அவற்றின் கீழே குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தீர்கள்.

"மேல போற கரண்ட்டு நமக்கு இல்லியாம். சரி, வெயில எவன் வந்து எடுக்கப்போறான்? அதுல மோட்டார் ஓட்ட இன்னா ஆவும்னு கேட்டுக்கினு வா" என்று என்னை மந்தாரக்குப்பத்து சோலார் கடைக்கு அனுப்பினீர்கள். நான் சுரங்கக் கம்பெனிக் குவார்ட்டர்ஸில் இருப்பவள். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்காக விலை கேட்கப் போனது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. உங்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் புரியாது, சிரித்திருப்பீர்கள். மகளிர் குழுவில் எல்லோரையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தீர்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு தொண்டு அமைப்பும் உதவ ஒப்புக்கொண்டது. அந்த மாதம்தான் படுத்தீர்கள். எழுந்திருக்கவே இல்லை.

சோலார் பலகைகள் வந்து இறங்கியதும் முதல் சிக்கல், எங்கே நிறுத்துவது என்பது. நம் தெருவின் பழக்கம் தெரியுமே. நிலம் போகப்போகிறது என்று பேச்சு வந்த நாளிலிருந்து யாரும் சுவருக்கு வெள்ளைகூட அடிப்பதில்லை. அங்கே குழி தோண்டி அஸ்திவாரம் போடவா?

வழி சொன்னது அண்ணன்தான். சுரங்கத்தில் கன்வேயர் நகர்த்தும் வேலைக்கு காண்ட்ராக்டில் போகிறவர் அல்லவா? "அங்க அம்மாம் பெரிய பெல்ட்டையே தரையில வெச்சி இழுத்துக்கினு போறோம். இது இன்னா பெரிசு?" என்றார். பலகைச் சட்டத்துக்கு அடியில் இரண்டு நீள இரும்புகளைப் பொருத்தினார்கள். டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தால் மொத்தமும் நகரும். நாளை நிலத்தை எடுத்தால் போர் மட்டும்தான் போகும், மற்றதைக் கொண்டுபோய்விடலாம் என்று எல்லோருக்கும் நிம்மதி.

நகரும் என்று ஆகிவிட்டதா, நகர்த்த ஆரம்பித்துவிட்டார்கள். கபடி விளையாட இடம் வேண்டும் என்று ஒரு தடவை. நெல் காயவைக்க ஒரு தடவை. தை மாதம் பக்கத்து வீட்டுக் கனகாவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு, பந்தலுக்கு இடம் வேண்டும் என்று இன்னொரு தடவை. அதற்குப் பிறகு தண்ணீர் நூல் மாதிரி வந்தது. தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. கனகா வீட்டில் திருட்டுத்தனமாகக் குழாய் போட்டு இழுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. கனகா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். குழுவிலிருந்து நான்கு பேர் விலகினார்கள். எல்லாம் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

கடைசியில் சோலார் கடைக்காரரை அழைத்துவந்தேன். அவர் மோட்டார் பக்கமே போகவில்லை. வண்டியிலிருந்து இறங்கும்போதே, "யாருங்க இத வடக்க பாத்து வெச்சது? தெக்க பாத்து இருந்தாத்தான வெயிலு நல்லா விழும்?" என்றார்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "டிராக்டரு அந்தப் பக்கமாத்தாங்க நொழைய முடிஞ்சிது."

கனகா விடுவாளா? "யோவ் மாமா, மைன்ஸ்ல மண்ணு எந்தப் பக்கம் இருந்தாலும் வெட்டிப்புடுற. சூரியன் எந்தப் பக்கம்னு தெரியலியா? எம் பொண்ணு சடங்குக்கு வந்து தின்னுப்புட்டு எனக்கே திருட்டுப் பட்டமா?"

விலகிய நான்கு பேரும் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை நாள் கழித்து அந்தத் தெரு சேர்ந்து சிரித்தது! ஆனால் கனகா சிரிப்போடு விடவில்லை. "நவுர்றதா இருந்தா நவுத்திக்கினேதான் இருப்பீங்க. கான்கிரீட்டு போடுங்க" என்றாள். நிலத்தை எடுத்துவிட்டால் எல்லாம் மண்ணோடு போகும் என்றார்கள் ஆண்கள். அன்று முடிவாகவில்லை.

அடுத்த வார விடுமுறையன்று சிமெண்ட் மூட்டையோடு அண்ணனே வந்து நின்றார். தெற்கு எது என்று கடைக்காரரிடம் கேட்டு, கயிறு கட்டிக் குழி தோண்டினார்.

"இன்னாண்ணே, எடுக்கப்போற எடம்னு சொல்லிக்கினே இருப்பியே?" என்றேன்.

"எடுக்கறப்ப எடுக்கட்டும். அதுவரிக்கும் குடியிருக்கறவன் மாதிரி இருப்போமேன்னு பாத்தேன்."

கலவை கொஞ்சம் மீந்துவிட்டது. அதைச் சட்டியில் அள்ளிக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போனார். நீங்கள் கீற்று மறைப்புக்குள் சேற்றில் நின்று குளித்த இடத்தில் கொட்டி, உட்கார்ந்து மட்டம் பார்த்துப் பூசினார். ஒரு தளம் போட்டுக் கொடுங்கள் என்று எத்தனை வருடம் கேட்டீர்கள்? இப்போது யாருக்கு என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா, அண்ணி?

நிலம் போகுமா, இருக்குமா என்று இன்றும் தெரியாது. ஆனால் கான்கிரீட் போட்ட பிறகு தெருவில் ஒரு வீடு வெள்ளையடித்திருக்கிறது. விலகியவர்களில் மூன்று பேர் குழுவுக்குத் திரும்பிவிட்டார்கள். கரித்தூசி படிந்தால் பலகைகள் மங்கிவிடும் என்பதால் வீட்டுக்கு ஒரு நாள் என்று துடைக்க முறை வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அண்ணன் மட்டும்தான், அவருக்கு ஷிப்ட். அந்த முறையை விட்டுவிடலாம் என்றார்கள். வேண்டாம், நான் வருகிறேன் என்றேன். "குவார்ட்டர்ஸ்காரம்மா துணி புழிவாங்களா?" என்று கனகா கிண்டல் செய்தாள். பிழிந்து காட்டினேன்.

அந்தக் கான்கிரீட் மேடை அங்கே இருக்கும்வரை உங்கள் முறையைத் தவறவிடமாட்டேன். எனக்குப் பதிலாக ஆளும் அனுப்பமாட்டேன்.

உங்கள் வீட்டு முறைக்கு வருகிற
நாத்தனார்,
விஜயா